வயிற்றுத் தண்ணீர்

ஒரு படகுத்துறையில் நாச்சியார், பவளம் என்று இரண்டு பழைய பாய்ப்படகுகள் அருகருகே கட்டப்பட்டிருந்தன. இரண்டுக்கும் முன்னால் நெடிய பாய்மரமும் பின்னால் குட்டைப் பாய்மரமும் உண்டு. விலை போகாத படகை மாதக் கடைசியில் விறகுக்கு உடைத்துவிடுவார்கள்.

ஒரே ஒரு படகு வாங்க அற்புதம் என்ற பெண் வருகிறாள் என்று தெரிந்ததும் நாச்சியாருக்கு நிலைகொள்ளவில்லை. பவளத்தின் குட்டைப் பாய்மரம்கூடத் தன்னுடையதைவிட ஒரு சாண் உயரமாகத் தெரிந்தது.

"உன் வயிற்றில் தண்ணீர் கிடக்கிறதடி," என்றது நாச்சியார். "என் வயிறு உலர்ந்து கிடக்கிறது. அவள் குனிந்து பார்த்தாலே போதும்."

"பார்க்கட்டும், அக்கா," என்றது பவளம்.

அந்த அமைதியைத்தான் நாச்சியாரால் பொறுக்க முடியவில்லை. வருகிறவள் கண்ணில் தானே முதலில் பட வேண்டும் என்று நாள் முழுக்கக் கயிற்றை இழுத்து இழுத்து முன்னால் நகர்ந்தது. அடியில் ஒரு பலகை விலகியதை அது கவனிக்கவில்லை.

மறுநாள் அற்புதம் பவளத்துக்குள் இறங்கினாள். தேங்கிய நீரை விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள்.

"மழைத் தண்ணீர். மேல்தட்டு ஒழுகுகிறது, அவ்வளவுதான்."

பிறகு நாச்சியாருக்குள் இறங்கினாள். அங்கும் விரற்கடை அளவு தண்ணீர் இருந்தது. நாக்கில் வைத்ததும் துப்பினாள்.

"உப்பு. கடலே உள்ளே வந்துவிட்டது."

பவளத்தின் கயிற்றை அவிழ்த்தார்கள்.

"நேற்றுவரை உலர்ந்துதானே இருந்தாய், அக்கா?" என்று பவளம் கலங்கிக் கேட்டது.

நாச்சியாரோ, விலகிப் போகும் அந்தக் குட்டைப் பாய்மரம் உண்மையிலேயே தன்னுடையதைவிட ஒரு சாண் உயரம்தானா என்று பார்க்க, இன்னும் கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தது.