கள்ளச் சைகை

“அளாப்பி! கள்ள விளையாட்டு!”

சவிரி மேசையில் அடித்த அடியில் சீட்டுக் கடதாசிகள் பறந்தன. அவன் கதிரைக்குப் பின்னால் நின்ற இன்னாசிப்பிள்ளை துள்ளிவிட்டார். மாதா கோயில் திருநாளின் ‘முந்நூற்றிநாலு’ சீட்டாட்டப் போட்டிக்கு அவர்தான் நடுவர்.

“என்னட்ட இருக்கிற துரும்புச் சீட்டு, எனக்கு எதிரா விளையாடுற இசபெலுக்கு எப்பிடித் தெரியும்? ஆரோ சைகை காட்டுறாங்கள்!”

இன்னொரு சண்டை வந்தால் வேறு நடுவர்தான் என்று ஃபாதர் எச்சரித்திருந்தார். இன்னாசிப்பிள்ளை வேடிக்கை பார்த்தவர்களை எல்லாம் வெளியேற்றினார், ஜன்னல்களைச் சாத்தினார். சவிரிக்குப் பின்னாலேயே நின்று, அவன் கடதாசிகளுக்கு மேலால் எல்லோரையும் முறைத்தார்.

அப்போதும் இசபெல்தான் வென்றாள்.

கோப்பையைக் கொடுக்கும்போது இன்னாசிப்பிள்ளை அவள் காதருகில் குனிந்தார். “உண்மையைச் சொல்லு பிள்ளை, ஆர் சைகை காட்டினது?”

“சவிரியிட நல்ல துரும்பைக் கண்டால் உங்கட மீசைதான் துடிக்குதே, மாமா!”