கடைசி இடத்துக்காரர்

மாலை ஆறு மணி பத்து நிமிடம். காலையிலிருந்து கொட்டிய மழை அப்போதுதான் தூறலாக இளைத்திருந்தது. கல்லூரியின் மாலை வகுப்பில் படிக்கும் பதினெட்டுப் பேரும், குடையை மடக்கக்கூட மறந்து, தகவல் பலகையை மொய்த்துக்கொண்டு நின்றார்கள். கணிதத் தேர்வின் பட்டியல் ஒட்டியிருந்தது.

பல் மருத்துவமனையில் வரவேற்பாளராக இருப்பவள், பட்டியலைக் கீழிருந்து மேலாகப் படித்தாள். பதினெட்டாவது இடம், ஐம்பதுக்கு ஆறு: கிரேன் ஓட்டுபவர். பதினேழாவது இடம், ஐம்பதுக்குப் பதினான்கு: அவளேதான்.

"அண்ணே, இந்தத் தடவையும் இடத்தை விட்டுக் குடுக்கலையே!" என்றார் பஸ் டிரைவர்.

"கஷ்டப்பட்டுப் பிடிச்ச இடம் தம்பி, சும்மா விட்டுடுவேனா?" கிரேன் ஓட்டுபவர் வாய்விட்டுச் சிரித்தார். "இருபது டன் இரும்பைத் தூக்கிடறேன். இந்த எக்ஸைத்தான் அசைக்க முடியலை."

தையற்கடைக்கார அக்கா, வரவேற்பாளரின் காதைக் கடித்தாள். "நாலாவது வருஷமா இதே வகுப்பாம். கூச்சம்னு ஒண்ணு இருக்கா பாரேன் மனுஷனுக்கு!"

"முழுக்க நனைஞ்சவனுக்கு முக்காடு எதுக்கும்மா?" என்றார் கிரேன் ஓட்டுபவர். அவருக்குப் பாம்புக் காது.

எல்லோரும் சிரித்தார்கள். வரவேற்பாளர் மட்டும் சிரிக்கவில்லை. இந்த ஒரே ஒரு தாள் தேறாததால் இருபத்திரண்டு வருடங்களுக்கு முன் பட்டத்தைப் பாதியில் விட்டவள் அவள். நாற்பத்து மூன்று வயதில் துணிந்து திரும்பி வந்தும் பதினான்கு. வகுப்பிலிருந்து விலகிக்கொள்வதாக எழுதிய கடிதம் பைக்குள் தயாராக இருந்தது. ஆறரைக்கு அலுவலகம் மூடிவிடும். இன்று கொடுத்துவிட்டால், இனி இந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்க வேண்டியதில்லை.

அலுவலகத்தை நோக்கி நடந்தவளைப் பாதி வராந்தாவில் கிரேன் ஓட்டுபவர் வந்து மறித்தார்.

"தங்கச்சி, அந்த அஞ்சாவது கணக்கை மட்டும் கொஞ்சம் சொல்லிக் குடுத்துட்டுப் போயேன்."

"நானா? பதினாலு மார்க் வாங்கினவகிட்டயா வந்து கேக்கறீங்க?"

"ஆறு வாங்கினவனுக்குப் பதினாலு மேதைதானே!"

தட்ட முடியவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து, வேண்டாவெறுப்பாக எழுத ஆரம்பித்தாள். அவரோ ஒவ்வொரு வரிக்கும் ஒரு கேள்வி கேட்டார். மூன்றாவது வரியில் மசகெண்ணெய்க் கறை படிந்த விரலை வைத்தார்.

"தப்பா நினைச்சுக்காதே. இந்த அடைப்புக்குறிக்குள்ள எக்ஸுக்கு முன்னாடி ஒரு மைனஸ் உட்கார்ந்திருந்துச்சே. அது எந்த ஸ்டாப்ல இறங்கிச்சு?"

அவள் பார்த்தாள். பிறகு, திருத்தித் தந்திருந்த தன் விடைத்தாளைப் பையிலிருந்து எடுத்துப் புரட்டினாள். ஐந்தாவது கணக்கில் மட்டுமல்ல, ஏழிலும் எட்டிலும் பத்திலும் அதே கழித்தல் குறியை அவள் தொலைத்திருந்தாள். தெரியாதது நான்கு கணக்குகள் அல்ல, ஒரே ஒரு விஷயம்.

"அடடா! எனக்கே இப்பத்தான் புரியுது அண்ணே!"

"நீ சொன்னதுல எனக்கும் புரிஞ்சுடுச்சு. நீயும் போயிட்டா எனக்கு யார் சொல்லிக் குடுப்பாங்க? அடுத்த பரீட்சை வரைக்குமாவது இரேன்."

அதற்குள் அலுவலகக் கதவைப் பூட்டும் சத்தம் கேட்டது.

அடுத்த பரீட்சைவரை இருப்பது என்று அவள் முடிவு செய்தபோது, தன்னைவிட அந்த மனிதருக்காகவே அதிகம் இரக்கப்பட்டாள். பாவம், வயதானவர். நாலு வருடமாக ஊரார் வாயில் அரைபடுகிறார். யாராவது ஒரு நல்ல வழி காட்டக் கூடாதா?

மறுநாள் காலை வானம் வெளுத்திருந்தது. பஸ் டிரைவர் முதல் நிறுத்தத்திலேயே கண்டக்டரிடம் ஆறு மார்க் கதையை அவிழ்த்துவிட்டார். தையற்கடைக்கார அக்கா கடையைத் திறந்த கையோடு அதே கதைக்குக் கையும் காலும் ஒட்டி, வந்தவர்களிடம் சொன்னாள். வரவேற்பாளர் வேலைக்குப் போகும் வழியில் கல்லூரி அலுவலகத்துக்குள் நுழைந்தாள்.

"சார், கிரேன் ஓட்டறாரே, அவரை அடிப்படைக் கணக்கு வகுப்புக்கு மாத்த முடியுமா? அவரா வாயைத் திறந்து கேக்க மாட்டார்."

குமாஸ்தா கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளைப் பார்த்தார்.

"அவரையா? இந்தப் பேப்பரை அவர் முதல் வருஷமே முடிச்சுட்டாரேம்மா. நூத்துக்குத் தொண்ணூத்தாறு. அந்த வருஷம் கடைசிப் பரீட்சை எழுதின ஒரே ஆளும் அவர்தான்."

"ஒரே ஆளா?"

"சேர்ந்தது இருபத்தோரு பேர். பட்டியல்ல கடைசியா வந்தவர் வெட்கப்பட்டு நின்னுட்டார். அடுத்த பட்டியல்ல இன்னொருத்தர் கடைசி ஆனார், அவரும் நின்னுட்டார். இப்படியே கீழேருந்து ஒவ்வொருத்தரா உதிர்ந்தாங்க. பட்டியல் ஒட்டறது கல்லூரி விதி, எங்களால மாத்த முடியலை. அவர்தான் வாத்தியார்கிட்ட அனுமதி வாங்கிட்டு, வருஷா வருஷம் வந்து உட்கார்றார். போன ரெண்டு வருஷமா ஒருத்தர்கூடப் பாதியில போகலை."

"நான் கேட்டதை அவர்கிட்ட சொல்லிடாதீங்க சார்" என்று மட்டும் சொல்லிவிட்டு மருத்துவமனைக்கு நடந்தாள். முதல் நோயாளி வருவதற்குள் ஏழாவது கணக்கையும் எட்டாவது கணக்கையும் பிழையில்லாமல் போட்டு முடித்தாள்.

அதே நேரத்தில், வேலை தொடங்க இன்னும் பத்து நிமிடம் இருக்க, ஐம்பதடி உயரத்துக் கிரேன் கூண்டில் உட்கார்ந்திருந்தவர், நோட்டில் ஒரு கடினமான கணக்கைச் சரியாகப் போட்டு முடித்துவிட்டு, அதில் எந்த வரியைக் கெடுத்தால் யாருக்கும் சந்தேகம் வராது என்று பென்சிலைக் கடித்தபடி யோசித்துக்கொண்டிருந்தார்.