மூன்றாவது அலசல்

மூன்றாவது அலசலிலும் வாளித் தண்ணீர் சிவந்துதான் போனது. பெண்ணின் தாய் ஹபீலா துணியைத் தூக்கிப் பிழிந்தாள்.

"இன்னும் சாயம் விடுது," என்றார் மாப்பிள்ளையின் தாய் பலீலா. இந்த வாரத்தில் மூன்றாம் தடவையாகக் கொம்பனித்தெருவிலிருந்து கொட்டாஞ்சேனைக்கு ரிக்‌ஷா பிடித்து வந்திருக்கிறார், துணி பார்க்க!

நிக்காஹ் வெள்ளிக்கிழமை. மாப்பிள்ளை தாஸிம் கோட்டையில் வெள்ளைக்காரக் கம்பனிக் கிளாக்கர். வழக்கப்படி பெண் வீட்டோடு வந்து இருக்கப் போகிறவர். அறையில் சாட்டின் விரிப்பு வேண்டாம், பருத்தித் துண்டுகளைப் பொருத்தி நடுவில் பஞ்சு வைத்துத் தைத்த மெத்தை விரிப்புத்தான் வேண்டும் என்று பலீலா ஒற்றைக்காலில் நின்றார். தைக்க முன்னரே துணியைக் கழுவியும் விட வேண்டுமாம்.

"தைச்ச பொறகு கழுவினாப் போதாதா, மதினி?"

"அப்ப சுருங்கினா? சிவப்பு மத்தத் துண்டுகள்ல ஊறினா? அது சரி, மழை நாளையில ஒரு பகலுக்குள்ள காயுமா?"

"பஞ்சக் கொறைச்சு வெக்கிறன். காயும்."

பலீலா மறுபடி துணியைப் பிழிந்து பார்த்தார். முகத்தில் தெளிவே இல்லை.

ஹபீலாவுக்கு விளங்கிவிட்டது. குற்றம் துணியில் இல்லை. சம்பந்தத்தை முறிக்க இந்த மனுஷி காரணம் தேடுகிறார். மகள் பைறோஸாவுக்கு முன்பு பேசிய இடமும் இப்படித்தான், கட்டில் சின்னது என்று சொல்லி நின்றுபோனது. இதுவும் போனால் அவளை இனி யார் கேட்டு வரப்போகிறார்கள்?

 ஹபீலா அழுதே விட்டாள்.

"சிவப்பே வாணாம் மதினி, எல்லாம் வெள்ளையில தைக்கிறன். அல்லாவுக்காக, கலியாணத்த மட்டும் நிப்பாட்டிப் போடாதீங்கோ!"

பலீலா திடுக்கிட்டுப் போனார். கிணற்றடியில் வேறு யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு, ஹபீலாவின் ஈரக் கைகள் இரண்டையும் பிடித்தார். 

"நானா நிப்பாட்ட? நீங்க நிப்பாட்டிடுவீங்களோண்டுதானே ரெண்டு தரம் வந்தும் வாயத் தொறக்காமத் திரும்பிப் போன."

"என்னத்தச் சொல்றீங்க, மதினி?"

பலீலா தலையைக் குனிந்துகொண்டார்.

"அவன் இன்னும் படுக்கையில மூத்திரம் பெய்யுற, ஹபீலா."