ஒரு துளி விளக்கு

ஷெட்டில் நின்ற காருக்குள் பேட்டரிக்கு ஆத்திரம் பொங்கியது. "இருபது நாளா வண்டி நகரல. சாவியைக் கழட்டினா எல்லாரும் தூங்குறாங்க. நீ மட்டும் ராப்பகலா என் உயிரை உறிஞ்சுறியே!"

"சாமி விளக்கு அணையக்கூடாதுன்னு முதலாளிதான் என்னை நேரா உங்கிட்ட இணைச்சாரு," என்றது சாமி படத்தடியில் எரிந்த குட்டி விளக்கு. "அதுவும் ஒரு துளிதானே எடுக்கிறேன்?"

"ஒரு நொடி விடாம எடுக்கிறியே, அது துளியா?"

ஹாரன் குறுக்கே புகுந்தது. "சாமி காரியத்துக்குப் போய் இப்படிக் கத்துறியே, வெக்கமா இல்ல?"

மறுநாள் காலை முதலாளி சாவியைத் திருகினார். வண்டி முனகி அடங்கியது. விளக்கும் அணைந்தது.

"பாழாப்போன பேட்டரி! வாங்கி ஒரு வருஷம்கூட ஆகல," என்று பானட்டில் ஓங்கி அறைந்தார்.

"நானா பாழ்? உள்ள போய் அந்த விளக்கைக் கேளுய்யா!" என்று கத்தப் பார்த்தது பேட்டரி. கத்தக்கூடத் தெம்பில்லை.

மெக்கானிக் அதைக் கழற்றித் தரையில் போட்டுவிட்டுப் புதியதைப் பூட்டினார். முதலாளி அதற்குச் சந்தனப் பொட்டு வைத்தார். குட்டி விளக்கு பளிச்சென்று எரிந்தது.

"பழசு எப்பப் பாத்தாலும் எரிஞ்சு விழும்," என்றது புதியதிடம். "நீ பயப்படாதே. நான் ஒரு துளிதான் எடுப்பேன்."