சாமிக்குக் கொடுத்த விலாசம்

"அட, ரூம் நம்பரக்கூட விடல பாரேன்!" என்று ஓகினோ உரக்கச் சிரித்தாள். "இந்தம்மா வீட்டுக்கு சாமியே கூரியர் கொண்டு வந்து குடுத்துடும்போல."

சாப்பாட்டுப் பெட்டி தயாரிக்கும் ஆலையில் வேலை பார்க்கும் பெண்கள் எட்டுப் பேர், கோயில் வளாகத்தில் பூத்துக் குலுங்கும் செர்ரி மரத்தடியில் நீல விரிப்பு போட்டு உட்கார்ந்திருந்தார்கள். எல்லோருக்கும் மூத்தவளான ஓகினோ மட்டும் எழுந்துபோய், பக்தர்கள் எழுதி மரச்சட்டத்தில் தொங்கவிட்டிருந்த வேண்டுதல் பலகைகளை ஊர் வம்பு மாதிரி படித்துக்கொண்டிருந்தாள்.

அந்த எட்டுப் பேரில் ஒருத்தியான ஹிசாயோவின் கையிலிருந்த சோற்றுருண்டை நழுவி விரிப்பில் விழுந்தது.

ஜனவரியில் அவளும் ஒரு பலகை எழுதி அங்கே மாட்டியிருந்தாள். மகள் சுமிரே உயர்நிலைப் பள்ளி நுழைவுத் தேர்வில் தேற வேண்டும் என்று. கீழே முழுப் பெயர், ஊர், தெரு, கட்டடம், அறை எண்.

எழுதாமல் எப்படி? எண்ணூறு வருடமாக இங்கே குடியிருப்பது படிப்புக்கான சாமி. தேர்வுக் காலத்தில் அவருக்கு மூச்சுவிட நேரமிருக்காது. ஊரில் எத்தனை சுமிரேக்கள்! விலாசம் இல்லாவிட்டால் வரம் வேறு வீட்டுக்குப் போய்விடும் என்று சொல்லித்தான் ஹிசாயோவை வளர்த்திருந்தார்கள். பேனாவை எடுத்ததும் கை தானாக எழுதிவிட்டது.

இரண்டரை வருடமாக அந்த விலாசத்தை அவள் ஒருவருக்கும் கொடுத்ததில்லை. வீட்டு வாசலில் பெயர் எழுதி வைக்கவில்லை. நகராட்சியில் யார் கேட்டாலும் சொல்லக் கூடாது என்று மனு கொடுத்திருந்தாள். பெற்ற தாயோடுகூட போனில் மட்டும்தான் பேச்சு. ஆலையில், புருஷன் செத்துவிட்டான் என்று சொல்லி வைத்திருந்தாள்.

தாகெமாசா சாகவில்லை.

அவன் குடிக்க மாட்டான், கத்த மாட்டான். அடிப்பதற்கு முன்னால் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைப்பான். நீ எங்கே போனாலும் தேடி வருவேன், எனக்கு அவசரமே இல்லை என்று ஒருமுறை நிதானமாகச் சொன்னான். அடியைவிட அந்தப் பொறுமைக்குத்தான் அவள் அதிகம் பயந்தாள்.

மகளுக்கு இந்த வருடம் தேர்வு என்பது அவனுக்குத் தெரியும். தேர்வு என்றால் ஹிசாயோ எந்தச் சாமியிடம் ஓடுவாள் என்பதும் தெரியும். நாடு முழுக்க அந்தச் சாமிக்கு எத்தனை கோயில் இருந்தால்தான் என்ன, அவன் ஒவ்வொன்றாக ஏறி இறங்கி, ஒவ்வொரு பலகையாகப் படித்துக்கொண்டே வருவான்.

செருப்பை மாட்டிக்கொள்ளக்கூட நிற்காமல், காலுறையோடு சரளைக்கல்லில் ஓடினாள்.

"ஏம்மா இப்படி ஓடி வர்ற? உன் ரகசியம் ஏதாவது தொங்குதா?" என்று ஓகினோ கண்ணடித்தாள்.

ஹிசாயோ அவளைத் தாண்டிப்போய் பலகைகளில் கைவைத்தாள். ஆணிக்கு ஆணி பத்துப் பன்னிரண்டு பலகைகள், ஒன்றன்மேல் ஒன்றாக. புரட்டினாள், தள்ளினாள், மறுபடி புரட்டினாள். பக்கத்தில் ஒரு ஜோடி அந்தப் பலகைகளைப் பின்னால் வைத்துப் படம் பிடித்துக்கொண்டிருந்தது. இந்த மூன்று மாதத்தில் எத்தனை பேர் இப்படிப் பிடித்தார்களோ. வீட்டில் சுமிரே தனியாக இருக்கிறாள். அவள் தேறிச் சேர்ந்த பள்ளி திறக்க இன்னும் ஐந்து நாள்.

கடைசிச் சட்டத்தின் கீழ்வரிசையில் அது இருந்தது.

வெளியே தெரியவே இல்லை. ஓகினோ படித்துச் சிரித்தது வேறு யாருடையதையோ. மேலே இருந்த இரண்டு பலகைகளைக் கழற்றிய பிறகுதான் அவள் கையெழுத்தே கண்ணில் பட்டது. மழை படவில்லை, வெயில் படவில்லை, மை நேற்று எழுதியதுபோல் இருந்தது. வேறு யார் கண்ணும் பட்டிருக்க வழியில்லை.

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. பலகையைக் கைப்பைக்குள் திணித்துவிட்டு, சன்னிதிப் பக்கம் திரும்பி இடுப்பு வளைய வணங்கி மன்னிப்புக் கேட்டாள்.

"சாமிக்குக் குடுத்தத திருப்பி வாங்கிக்கிற ஆள இன்னிக்குத்தான் பாக்குறேன்" என்றாள் ஓகினோ. "வாம்மா, சோறு ஆறிப்போகுது."

"நீங்க போங்கக்கா, இதோ வந்துட்டேன்."

மூச்சு சீரானது. காற்று அடித்ததில் இதழ்கள் தலையிலும் தோளிலும் கொட்டின. இன்றைக்குத்தான் அவற்றைப் பார்ப்பதுபோல் நின்று பார்த்தாள். போகும்போது சுமிரேவுக்கு இனிப்புக் கொழுக்கட்டை வாங்கிப் போக வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

கழற்றிய இரண்டு பலகைகளையும் பழையபடி மாட்டக் குனிந்தாள். யாரோ ஆசையாக எழுதியது, தரையில் கிடந்தால் பாவம். முதலாவது, பல் மருத்துவப் படிப்புக்கான ஒரு பையனின் வேண்டுதல்.

இரண்டாவது புதுப்பலகை, மரவாசனைகூடப் போகவில்லை. அவளுடையதன்மேல் நேராகப் படிந்திருந்தது இதுதான்.

அளவுகோல் வைத்துப் போட்டதுபோன்ற எழுத்து. பதினைந்து வருடம் அந்த எழுத்தில்தான் சமையலறைச் சுவரில் அவளுக்கான கட்டளைகள் ஒட்டியிருக்கும்.

'மகள் தேறிவிட்டாள். இருவரையும் எனக்குக் காட்டியதற்கு நன்றி.'

தேதி மார்ச் இருபது. இரண்டு வாரத்துக்கு மேல் ஆகிவிட்டது.

அடியில் அவன் பெயர். பெயருக்குக் கீழே, எல்லோரையும்போல, விலாசம். சாமியிடம் விலாசத்தை மறைக்கக் கூடாது என்றுதான் அவனையும் வளர்த்திருந்தார்கள்.

அது அவனுடைய ஊர் இல்லை. ஹிசாயோவின் ஊர், ஹிசாயோவின் தெரு, ஹிசாயோ குடியிருக்கும் கட்டடம்.

அறை எண் மட்டும் அவளுடையதைவிட ஒன்று கூடுதலாக இருந்தது.