ஜடைக்கு அடியில்

மயிலின் கழுத்தை அறுத்தாள்.

கத்தரிக்கோலின் முனை ஒரே ஒரு நூலைத்தான் தொட்டது. போதும். ஆரித் தையல் அப்படி. சரியான முனை மட்டும் விரலில் சிக்கிவிட்டால், நாள் கணக்கில் தைத்ததை ஒரே மூச்சில் உருவிவிடலாம்.

உருவினாள்.

கொண்டை போயிற்று. கழுத்து போயிற்று. தோகையிலிருந்த மணிகள் தெறித்து, பீரோவுக்கு அடியில் ஓடி ஒளிந்தன.

ஓடட்டும்.

துணியை இழுத்துக் கட்டியிருந்த சட்டத்தின் ஓரத்தில் போன் கிடந்தது. இப்போதுதான் பேசிவிட்டு வைத்தாள், கல்யாணப் பெண் சங்கவியின் அம்மா.

"சாயங்காலம் சங்கவிய அனுப்பறேன், குடுத்துடு கண்ணு. ரொம்ப மெனக்கெடாத. மயில் இருக்குதான்னு சம்பந்தி வீட்ல கேட்டா இருக்குதுன்னு சொல்லோணும், அவ்வளவுதான். பூ ஜடை வெச்சுட்டா முதுகுல என்ன தெரியப் போவுது."

சொல்லிவிட்டுச் சிரிப்பு வேறு.

கல்யாண ஜாக்கெட் என்றால் முதுகில் மயில். வருகிறவர்கள் எல்லோரும் போனை நீட்டுவார்கள். எல்லாப் போனிலும் அதே மயில். ஒன்று இடது பக்கம் பார்க்கும், ஒன்று வலது பக்கம் பார்க்கும். கேட்டால், "இது வேற மாடலுங்க" என்பார்கள்.

எக்ஸ்போர்ட் கம்பெனியில் டிசைன் போட்டுக்கொண்டிருந்தவள் அவள். மேனேஜர் சொல்கிற பூவையே எத்தனை காலம் போடுவது என்று உதறிவிட்டு வந்து, வீட்டிலேயே சொந்தமாகத் தையல் சட்டம் போட்டாள்.

அங்கே ஒரு மேனேஜர். இங்கே ஊரெல்லாம் மேனேஜர்.

கொஞ்ச காலமாகவே கை ஓடவில்லை. ஊசியை எடுத்தால் விரல் மரத்துப்போகும். எழுந்து டீ போடுவாள். மாடியில் போய் நிற்பாள். மறுபடி வந்து உட்காருவாள். மயில் அரைக் கழுத்தோடு அப்படியே பார்த்துக்கொண்டிருக்கும்.

இப்போது அதுவும் இல்லை.

கோபம் ஓர் அங்குலம் இறங்கியது. துணி கண்ணுக்குத் தெரிந்தது.

அரக்குப் பட்டு. மயில் இருந்த இடமெல்லாம் ஊசித் துளை.

பட்டில் ஊசி ஏறிய தடம் அழியாது. மேலே எதையாவது தைத்து மூடியே ஆகவேண்டும். அதுவும் இன்றைக்கே. நாளைக் காலை டெய்லர் கைக்குத் துணி போகாவிட்டால், முகூர்த்தத்துக்கு ஜாக்கெட் கிடையாது. ஒரு கல்யாணத்தில் பேர் கெட்டால் போதும். அப்புறம் இந்தப் படியை எவள் ஏறுவாள்?

இன்னொரு மயிலுக்கு நேரமில்லை.

மாங்காய் போடலாம். மாங்காய் எல்லோருக்கும் பிடிக்கும்.

எல்லோருக்கும்.

மறுபடியும் பற்றிக்கொண்டு வந்தது.

ஜன்னல் கம்பியில் ஒரு காகம் உட்கார்ந்திருந்தது. தலையைச் சாய்த்து அவளையே பார்த்தது. அதுவும் யார் மேலோ கோபமாகத்தான் இருந்தது.

பீரோவின் அடித்தட்டில் ஒரு பொட்டலம். தொழில் தொடங்கிய அன்று ஆசைப்பட்டு வாங்கிய கறுப்பு மணி. கல்யாணத் துணியில் கறுப்பு ஆகாது. இதுவரை பிரிக்கவே இல்லை.

பல்லால் கடித்துப் பிரித்தாள்.

இது உனக்கு. இது உன் சம்பந்தி வீட்டுக்கு. இது அந்த மேனேஜருக்கு. ஒவ்வொரு மணிக்கும் ஒரு குத்து. ஊசி இறங்கி ஏறியது. ஒரு சிறகு விரிந்தது. இன்னொன்று விரிந்தது. எந்த இடத்தில் திட்டுவதை நிறுத்தினாள் என்று அவளுக்கே தெரியாது. சாப்பாடு மறந்துபோயிருந்தது. விரல் மரத்துப்போகவில்லை.

கண்ணுக்கு மட்டும், கீழே உருண்டு கிடந்த மயிலின் தங்க மணி ஒன்று.

வெளியே ஸ்கூட்டி நின்றது.

சங்கவி தனியாகத்தான் வந்திருந்தாள். முதன்முதலில் வந்த அன்று இவள், "உனக்கு என்ன டிசைன் புடிக்கும்?" என்று கேட்டபோது வாயைத் திறந்தவள். பதில் அவள் அம்மா வாயிலிருந்து வந்தது. அதற்குப் பிறகு அந்தப் பெண் திறக்கவே இல்லை.

துணியைச் சட்டத்திலிருந்து அவிழ்த்து நீட்டினாள். மன்னிப்புக் கேட்கப் போவதில்லை. திட்டினால் திட்டட்டும். தூக்கி எறிந்தால் எறியட்டும்.

சங்கவி பார்த்தாள்.

பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"காக்காங்களாக்கா?"

"ஆமா."

சிறகின் மேல் ஒரு விரலை வைத்தாள். சுட்டதுபோல் எடுத்தாள். மறுபடி வைத்தாள். கைப்பையில் போன் அடித்தது. அடித்து ஓய்ந்தது.

"முதுகுல வெச்சுக் காட்டுங்கக்கா."

திரும்பி நின்றாள். சுவரில் ஆளுயரக் கண்ணாடி. கைக் கண்ணாடி ஒன்றை அவளிடம் கொடுத்துவிட்டு, இவள் துணியை விரித்து, ஜடைக்கு அடியில் செருகி, அவள் தோளோடு அழுத்திப் பிடித்தாள்.

இடுப்பு வரை தொங்கும் தடித்த ஜடை. பூ வைக்காமலேயே முதுகை அடைத்துக்கொண்டு கிடந்தது. சிறகில்லை. அலகில்லை. அந்தத் தங்கக் கண்கூட இல்லை.

அந்த அம்மாள் சொன்னது சரிதான். ஒன்றுமே தெரியவில்லை.

கைக் கண்ணாடிக்குள் சங்கவி கொஞ்ச நேரம் தேடினாள்.

பிறகு, இன்னொரு கையைப் பின்னால் கொண்டுபோய், ஜடையை எடுத்து முன்னால் போட்டுக்கொண்டாள்.