கிளம்புமுன் ஒரு வேலை

"நாளைக்குக் காலையில ஏழு மணிக்கெல்லாம் கிளம்பணுங்க," என்றாள் சௌதா.

பீர் முகம்மது மேசை டிராயரைத் தரையில் கொட்டி எதையோ துழாவிக்கொண்டிருந்தார். "போலாம். கடையில ஒரு வேலை பாக்கியிருக்கு. முடிச்சிட்டு வந்திடுறேன்."

சௌதாவுக்குச் சுருக்கென்றது. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் அவர் நடத்துவது இருபத்துநான்கு மணி நேர உணவகம். தீம் பார்க் ரிசார்ட்டில் ரூம் போடுவதும், கிளம்பும் நேரத்தில் கடையில் வேலை முளைப்பதும் இது நான்காவது முறை.

"தமன்னாவுக்குப் பன்னிரண்டு வயசு. இன்னும் ரெண்டு வருஷம் போனா, கூப்பிட்டாலும் நம்மகூட வரமாட்டா."

அவர் டிராயரை மேசையில் செருகிவிட்டு இறங்கிப் போனார். மாலை ஆகியும் ஆளைக் காணோம். போனையும் எடுக்கவில்லை. போகப் போவதில்லை என்பதை மகள் தமன்னாவிடம் அவரே சொல்லட்டும் என்று சௌதா நேரே கடைக்கு நடந்தாள்.

கடையில் நாற்காலிகளை அடுக்கி உள்ளே வைத்திருந்தார்கள். வாசலில் ஒருவர் ஏணியில் நின்று ஷட்டருக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார்.

"இதைக் கடைசியா எப்ப இறக்குனீங்க, பாஸ்?" என்று கேட்டார் அவர்.

"கோவிட் எம்சிஓ ஊரடங்கு முடிஞ்சு தூக்குனதுதான். அப்புறம் கடையைப் பூட்டவே இல்ல. சாவியை மூணு நாளாத் தேடுறேன், காணோம்," என்றார் பீர் முகம்மது.

திரும்பியவர் சௌதாவைப் பார்த்தார். சட்டைப் பையிலிருந்து புதுப் பூட்டின் சாவிகளை எடுத்து, இரண்டையும் அவள் கையில் வைத்தார்.

"நீயே வச்சுக்கோ. எங்கிட்ட இருந்தா பாதியில ஓடி வந்து திறந்திடுவேன்."